நடுவில் மட்டும் எழுதிய லீவு லெட்டர்

பெங்களூர் தண்டில், அதாவது பட்டாளத்துக் கன்டோன்மென்ட் பக்கம், ஒரு காலத்தில் எந்தக் கடைத்தெருவில் நடந்து தலையை நிமிர்த்திப் பார்த்தாலும் என் கைதான் தெரியும். சோடா கம்பெனி, தையல் கடை, பல் டாக்டர், துரைசானிமார் தொப்பிக் கடை, சவப்பெட்டி செய்கிறவர், எல்லாருக்கும் இங்கிலீஷில் பலகை எழுதிக் கொடுத்தவன் நான். எழுத்துக்கு நிழல் போடுவதில் எனக்கு ஈடாக அந்தப் பக்கத்தில் ஒருவனும் இல்லை. நான் போட்ட நிழலைப் பார்த்துவிட்டு, எழுத்து பலகையை விட்டு வெளியே வந்து நிற்கிறதோ என்று தடவிப் பார்த்தவர்கள் உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இத்தனையும் எழுதியவனுக்கு இங்கிலீஷ் படிக்க வருமா என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்காததை நானாக எதற்குச் சொல்ல வேண்டும்? நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதுவும் தமிழ். அதற்குப் பிறகு பெயிண்ட் பட்டறையில் பிரஷ் கழுவப் போய்விட்டேன். பெரிய எழுத்து இருபத்தாறும் பார்த்துப் பார்த்து மனப்பாடம். பலகையெல்லாம் பெரிய எழுத்தில்தான் எழுதுவார்கள். ஆகவே பெரிய எழுத்தில் இருந்தால் தட்டுத் தடுமாறி வாசித்துவிடுவேன். சின்ன எழுத்து எனக்குத் தேவைப்படவே இல்லை. கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் குறித்துக் கொடுப்பார், நான் அதைப் பத்து மடங்கு பெரிதாக்கி மேலே ஏற்றுவேன். பிழை ஒன்று வந்தது கிடையாது.

தேவை எப்படி வந்தது என்றால், நான் விழுந்தேன்.

பிளாக்பள்ளியில் ஒரு சோடா பாக்டரியின் பக்கத்துச் சுவர் முழுவதும் எழுத்து. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே ஏணியில் நின்று மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தேன். ஏணியின் கால் வழுக்கியது. நல்ல வேளையாகக் கீழே ஒரு ஜட்கா வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் கூரை மேல் போய் உட்கார்ந்தேன், அதாவது விழுந்தேன். குதிரை மிரண்டு அல்சூர் ஏரிக்கரை வரைக்கும் ஓடித்தான் நின்றது. கையில் மஞ்சள் டப்பாவோடு கூரை மேல் சவாரி போன என்னைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. வண்டிக்காரர் ஒரு பெரியவர், நிதானமான மனுஷர். குதிரையைத் தட்டிக் கொடுத்துவிட்டு மேலே பார்த்து, "அரே பாய், வண்டிக்குள்ள ஏர்றதுக்கு வழி பின்னாலே இருக்கு" என்றார்.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மறுநாள் ஏணியில் நாலாவது படிக்கு மேல் கால் போகவில்லை. முழங்கால் இரண்டும் தனியாக ஆட ஆரம்பித்தன. காய்ச்சல் என்று சொல்லி இறங்கிவிட்டேன். அடுத்த வாரமும் அப்படியே. பலகையைத் தரையில் போட்டு எழுதும் வேலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தேன். சுவர் வேலை வந்தால் எனக்கு நேரம் இல்லை என்று மிடுக்காகச் சொல்லிவிடுவேன். உண்மை தெரிந்தது என் வீட்டுக்காரிக்கு மட்டும். அவள் அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். ஏணியில் ஏறாத பெயிண்டரை எத்தனை நாளைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் பட்டாளத்துக் கட்டட ஆபீசில் பெயிண்ட் மேஸ்திரி வேலை காலியானது. மேஸ்திரிக்கு ஏணி கிடையாது. தரையில் நின்று ஆள்களுக்குக் கை காட்டினால் போதும். அந்த ஆபீஸ் துரையிடம் போய் நின்றேன். அவர் அறைக் கதவில் இருந்த எண்ணும் பெயரும் நான் எழுதியது என்று சொன்னதும் அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. ஆனாலும் மேஸ்திரியாக வருகிறவன் ஆபீஸ் சீட்டைப் படிக்க வேண்டும், தினமும் நடந்த வேலையை எழுதிக் கொடுக்க வேண்டும், ஆகவே ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சை எழுதி, வாசிக்கவும் எழுதவும் தெரியும் என்று சீட்டு வாங்கி வா என்றார். அதுவரைக்கும் வேலையை வேறு ஒருவனுக்குத் தராமல் வைத்திருப்பதாகவும் சொன்னார். அது எவ்வளவு பெரிய காரியம்! என் கைக்கு அவ்வளவு மதிப்பு.

எங்கள் கோயிலை அடுத்த பள்ளிக்கூடத்தின் வாசல் பலகையும் நான் எழுதியதுதான். அங்கே ஹெட்மாஸ்டர் தமிழ்க் கிறிஸ்தவர், மெலிந்த மனுஷர், கண்டிப்புக்குப் பேர் போனவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்ப்பா, எங்க ஸ்கூல் போர்டு எழுதினவனே நீதானே?"

"ஆமாங்கய்யா."

"அதுல இன்னா எழுதியிருக்குன்னு தெரிஞ்சுதான் எழுதினியா?"

"அழகா எழுதியிருக்குன்னு தெரியுங்கய்யா."

அவர் சிரிக்கவில்லை. ஆறு வாரத்தில் நாலாம் வகுப்புக்குப் பரீட்சை, பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதலாம் என்று அனுமதி கொடுத்தார். மூன்று பாகம்: புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது, அவர் சொல்லச் சொல்ல எழுதுவது, சொந்தமாக ஒரு லெட்டர் எழுதுவது. ஒரே தடவைதான், திரும்ப எழுத விட மாட்டேன் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்காரி கான்வென்டில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணம் ஆன நாள் முதல் அதை அவள் சொல்லிக் காட்டியதே இல்லை. அந்த ஆறு வாரத்தில் சேர்த்து வைத்துச் சொல்லிக் காட்டினாள். பெட்டியின் அடியிலிருந்து தன் பழைய ரீடரை எடுத்து என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். முதல் எழுத்து பெரிய எழுத்து, அதை முழங்கிவிட்டேன். அதற்கு அப்புறம் ஒரே எறும்புக் கூட்டம்.

"நின்னுட்டீங்களே மேஸ்திரி" என்றாள்.

அன்று முதல் பரீட்சை முடியும்வரை எனக்கு வீட்டில் அந்தப் பெயர்தான்.

சின்ன எழுத்தை நான் என் வழியில் பிடித்தேன். எனக்குக் கண்ணால் பார்த்து ஒன்றும் ஏறாது, கையால் போட்டால்தான் ஏறும். கொல்லைச் சுவரில் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சின்ன எழுத்தையும் முழ உயரத்துக்கு எழுதினேன், நிழலோடு. மூன்று நாளில் சுவர் நிறைந்தது, எனக்கும் இருபத்தாறும் வந்துவிட்டது. வேறு எவனும் மூன்று நாளில் படித்திருக்க மாட்டான். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. பரீட்சைக்குச் செவுத்தையே தூக்கினு போயிடுங்க."

ஆகவே பென்சில் வந்தது. பிரஷ் பிடித்த கைக்குப் பென்சில் பிடிப்பது தண்டனை. பலகை எழுதும்போது எங்களுக்கு ஒரு சின்னக் கோல் உண்டு. இடது கையில் அதைப் பிடித்துக் குறுக்கே வைத்து, அதன் மேல் வலது மணிக்கட்டைத் தாங்க விட்டு எழுதுவோம். கை நடுங்காது, ஈர எழுத்தின் மேல் கை படாது. காகிதத்தில் எழுதும்போதும் அந்தக் கோலை வைத்துக்கொண்டேன். ஒரு நோட்டுப் புத்தகத்தின் மேல் கோலை ஊன்றிக்கொண்டு நான் எழுதுவதைப் பார்த்தால் தோணி தள்ளுகிற மாதிரி இருக்கிறது என்பாள்.

வாசிப்பு சீக்கிரம் வந்துவிட்டது. நான்கு வாரத்தில் ரீடரில் இருந்த குதிரைப் பாடத்தையும் கப்பல் பாடத்தையும் தெருமுனை வரை கேட்கும்படி வாசித்தேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாள், யாரோ பாதிரியார் தினமும் உங்கள் வீட்டுக்கு வந்து பிரசங்கம் செய்கிறாரே என்று இவளிடம் கேட்டாளாம். சொல்லச் சொல்ல எழுதுவதும் பரவாயில்லை. லெட்டர்தான் உதைத்தது.

காரணத்தைச் சொல்கிறேன். பெரிய சுவரில் எழுதும்போது நாங்கள் இடது ஓரத்தில் ஆரம்பிக்க மாட்டோம். அப்படி ஆரம்பித்தால் கடைசி எழுத்துக்கு இடம் இல்லாமல் போய்விடும், சுவரின் சொந்தக்காரர் நம்மை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். ஆகவே வரியில் எத்தனை எழுத்து என்று எண்ணி, பாதியாக்கி, நட்ட நடுவில் ஏணியைப் போடுவோம். மேல் வரியின் நடு, அடுத்த வரியின் நடு, அதற்கடுத்த வரியின் நடு என்று கை எட்டுகிற வரைக்கும் எல்லா வரிக்கும் நடுப்பாகத்தை முடிப்போம். அப்புறம் ஏணியை வலது பக்கம் நகர்த்தி அந்தப் பக்கத்தை முடிப்போம். கடைசியில் இடது பக்கம். ஏணியை இரண்டே தடவைதான் நகர்த்த வேண்டும். வரி கச்சிதமாக உட்காரும். இருபது வருஷம் இப்படி எழுதிய கை, காகிதத்தைக் கண்டாலும் முதலில் நடுவைத்தான் தேடும்.

வீட்டுக்காரி அதை ஒழிக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. சாயங்காலம் உலை வைத்து அரிசியைப் போட்டுவிட்டு என் கையில் பென்சிலைக் கொடுப்பாள். சோறு பதம் வருவதற்குள் லெட்டர் முடிய வேண்டும். முடிந்தால்தான் கஞ்சி வடிப்பேன் என்று கண்டிஷன். முதல் நாள் எழுத்து எண்ணுவதிலேயே கஞ்சி பொங்கிவிட்டது. அவள் அசையவில்லை.

"வடிம்மே, குழையுது."

"முடிஞ்சுதா?"

"பாதி."

"அப்ப பாதி சோறு வெந்திருக்கும், மீதி வேகட்டும்."

இரண்டு வாரம் நாங்கள் தின்றது சோறே இல்லை, களி. நிறைமாதத்துக்காரி அவளும் அதைத்தான் தின்றாள், ஒரு வார்த்தை முனகவில்லை. எனக்கு அதுதான் உறைத்தது. நடுவை மறந்து, இடது ஓரத்தில் பிடித்து வலது ஓரத்தில் விடப் பழகினேன். நான்கு லெட்டர்களை அவளே இங்கிலீஷில் கட்டிக் கொடுத்தாள்: காய்ச்சலுக்கு லீவு, தங்கை கல்யாணத்துக்கு லீவு, கிறிஸ்துமஸுக்கு நண்பனை அழைப்பது, மாமாவுக்கு நன்றி. நான்கையும் தலைகீழாகச் சொல்லுவேன். பரீட்சைக்கு முந்தின நாள் சோறு பூ மாதிரி வந்தது. இரண்டு பேரும் இன்னொரு தரம் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

பரீட்சை அன்று புதுச் சட்டை, தலையில் எண்ணெய், கையில் கோல். வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று குட் மார்னிங் சொன்னார்கள். நானும் சொன்னேன். பெஞ்சின் கடைசியில் போய் நான் உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. ஹெட்மாஸ்டர் வந்து என் கோலைப் பார்த்தார்.

"இது எதுக்கு? யாரை அடிக்கப் போறே?"

"கை நடுங்காம இருக்கத்தாங்கய்யா."

"நடுங்கற கையிலதான் எல்லாரும் எழுதறாங்க" என்று சொல்லி அதை வாங்கிச் சுவரோரம் சாத்திவிட்டார்.

வாசிப்பில் எனக்குக் கிடைத்தது குதிரைப் பாடம். ஜட்கா குதிரையை நினைத்துக்கொண்டே வாசித்தேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஹெட்மாஸ்டர், போதும், மெதுவாக வாசித்தாலும் கேட்கும் என்றார். சொல்லச் சொல்ல எழுதுவதிலும் அவர் வாயிலிருந்து விழ விழப் பிடித்தேன். கோல் இல்லாமல் எழுத்து கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான்.

பிறகு கரும்பலகையில் லெட்டருக்கு விஷயத்தை எழுதிப் போட்டார். தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்டு எழுத வேண்டும். என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், அவள் கட்டிக் கொடுத்ததே! முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை கண்ணெதிரே நின்றது. காகிதத்தைக் கையில் எடுத்தேன். இது முடிந்தால் வேலை என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும், நாலாவது படியில் நிற்கும்போது வருமே, அந்த ஆட்டம் முழங்காலில் ஆரம்பித்தது. தாங்கிப் பிடிக்கக் கோலும் இல்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கை மட்டும் தன்பாட்டில் காகிதத்தை இரண்டாக மடித்து நடுவில் ஒரு கோடு விழச் செய்தது.

அதற்குமேல் நான் எழுதவில்லை, கைதான் எழுதியது. சொல்லச் சொல்ல எழுதும்போது அடுத்து என்ன வரும் என்று தெரியாது, ஆகவே நடுவைத் தேட முடியாது, ஓரத்திலிருந்துதான் போயாக வேண்டும். இதுவோ எனக்கு முழுக்கத் தெரிந்த வரிகள். எண்ணினேன், பாதியாக்கினேன், நடுவில் பிடித்தேன். முதல் வரிக்கு நடு, இரண்டாம் வரிக்கு நடு. கையெழுத்து கொஞ்சமும் ஆடவில்லை, அச்சு மாதிரி இறங்கியது. முழங்கால் ஆட்டமும் நின்றுவிட்டது. பதினோரு வரிக்கும் நடுப்பாகத்தை முடித்துவிட்டு, வேலை கச்சிதமாக இருக்கிறதா என்று காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். இனி ஏணியை வலது பக்கம் நகர்த்த வேண்டியதுதான்.

மணி அடித்துவிட்டது.

ஹெட்மாஸ்டர் என் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"இன்னாப்பா இது? ரெண்டு பக்கமும் எலி கடிச்ச மாதிரி இருக்கு."

மீதி என் மண்டைக்குள் இருக்கிறது, இரண்டு நிமிஷம் கொடுத்தால் ஓரங்களை நிரப்பிவிடுவேன் என்று சொன்னேன். மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்காத இரண்டு நிமிஷத்தை உனக்கு எப்படிக் கொடுப்பேன் என்று கேட்டார். நியாயமான மனுஷர். அவர் கொடுத்திருந்தால் இன்றைக்கு நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு எழுதினார்: வாசிப்பில் தேர்ச்சி, சொல்லக் கேட்டு எழுதுவதில் தேர்ச்சி, லெட்டர் முடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு, கூடவே அந்த லெட்டரையும் என்னிடமே கொடுத்துவிட்டார். வேண்டுமானால் சட்டம் போட்டு மாட்டிக்கொள் என்றார்.

வீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? இரண்டு வாரம் களி தின்றவளிடம் என்ன சொல்வது? நேராக ஆபீசுக்கே போனேன். சொல்ல வேண்டியதைத் துரையிடமே சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று.

துரை சீட்டைப் படித்தார். லெட்டர் முடிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். காகிதத்தை நீட்டினேன். சுவரில் எப்படி எழுதுவோம், ஏணி எங்கே நிற்கும், எப்போது நகரும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கையைக் காட்டி விளக்கினேன். அப்புறம், ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை, ஏணியில் இனி என்னால் ஏற முடியாது, அதற்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரியைத் தவிர நான் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அதுவும் இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து துழாவினார். அப்புறம் ஒரு ஆபீஸ் சீட்டை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். இழுத்துக் கூட்டி எழுதிய எழுத்து, ஆனாலும் வாசித்தேன்: வடக்கு லைனில் பன்னிரண்டு கதவுக்குப் பச்சை. இன்றைக்கு ஆறு கதவு முடிந்தது என்று எழுது என்றார். எழுதினேன், இடது ஓரத்திலிருந்து. அவர் என் லெட்டரை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்துச் சிரித்தார். இங்கே எல்லாருக்கும் லீவு லெட்டர் மட்டும் பிரமாதமாக எழுத வருகிறது, அது வராத ஒரு மேஸ்திரியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

வீட்டுக்கு ஓடினேன். அவள் அடுப்படியில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தே வேலை கிடைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள், ஆனால் காகிதத்தைத்தான் முதலில் கேட்டாள். கொடுத்தேன். பார்த்தாள். சிரிக்கப் போகிறாள், ஆயுசு முழுக்க இதைச் சொல்லியே கொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள்.

"உக்காருங்க. மீதி ரெண்டு பக்கமும் ஏணியை நான் நகத்தறேன்."

அவள் கட்டிக் கொடுத்த லெட்டர்தானே. முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம், என் எழுத்து நிற்கிற இடத்தில் தொட்டுத் தொட்டு எழுதி முடித்தாள். அன்றைக்கும் சோறு குழைந்துவிட்டது.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் மேஸ்திரி. என் கையின் கீழ் முப்பது ஆள். பிள்ளை பிறந்த அன்றுகூட நான் லீவு கேட்டதில்லை. அந்த லெட்டருக்கு நானே சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களிடம் நான் எழுதியது என்றுதான் சொல்லுவேன். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கிறவர்கள், நடுவில் நிமிர்ந்து நிற்கிற எழுத்து ஒரு கை, இரண்டு ஓரத்திலும் சாய்ந்து ஓடுகிற எழுத்து வேறு கை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே அடுப்படியிலிருந்து பதில் வந்துவிடும்.